மூன்று நாள் நிற்கும் சுவர்

தொழில் கண்காட்சியில் சிறு தயாரிப்பாளரின் முகம் அவரது ஸ்டாலின் சுவர்தான். அதை இலேசாகவும் உறுதியாகவும் செய்துகொள்ளும் வித்தை தாராவியிலேயே இருக்கிறது.

மும்பையில் ஒரு வர்த்தகக் கண்காட்சி எப்படி நடந்தது என்று அறிய அதன் கடைசி நாள் மாலையில் போய்ப் பார்க்க வேண்டும். கோரேகாவ் கிழக்கில், வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது நெஸ்கோ வளாகம். அங்குள்ள பம்பாய் எக்ஸிபிஷன் சென்டரில் பார்வையாளர்கள் வெளியேறிய சற்று நேரத்தில் சுத்தியல் சத்தம் கிளம்பிவிடும். மூன்று நாட்களாகப் பளபளத்துக்கொண்டிருந்த ஸ்டால்கள் விடிவதற்குள் மரச்சிராய்களும் கிழிந்த ஃப்ளெக்ஸுமாகக் குவிந்து கிடக்கும். மண்டபத்தைக் காலி செய்து கொடுக்கக் கெடு இருக்கிறது. ஆணியைப் பிடுங்கிப் பலகையைக் காப்பாற்றிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. உடைப்பதுதான் சீக்கிரம் முடிகிற வேலை.

பெரிய நிறுவனங்களுக்கு இது விளம்பரச் செலவு. அடுத்த கண்காட்சிக்கு வேறு காண்ட்ராக்டர், வேறு வடிவம், புதிய ப்ளைவுட். ஆனால் அங்கிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, தாராவியின் ஒரு மாடிக் கோலியில் நான்கு தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு தோல் பை செய்பவருக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது.

தாராவியின் தோல் தொழிலோடு தமிழர்களுக்கு இருக்கும் உறவு பழையது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள் தோல் பதனிடும் கூடங்களில் வேலை பார்த்த காலம் உண்டு. பதனிடும் கூடங்கள் பெரும்பாலும் போய்விட்டன. பையும் பெல்ட்டும் பர்ஸும் தைக்கும் பட்டறைகள் மிஞ்சின. சயான்-பாந்த்ரா லிங்க் ரோட்டில் வரிசையாகத் தோல் கடைகள் இருக்கின்றன. ஆனால் தாராவியில் தைக்கப்படும் சரக்கில் பெரும் பங்கு வேறு யாருடைய பெயரையோ தாங்கித்தான் வெளியே போகிறது. செய்தவர் கைக்கு வருவது கூலி. பெயருக்கு உரிய லாபம் பெயர் வைத்தவருக்கு.

சொந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் மொத்தமாக வாங்குபவரை நேரில் பார்க்க வேண்டும். அவர் தாராவியின் சந்துகளுக்குள் வந்து தேட மாட்டார், கண்காட்சிக்கு வருவார். மத்திய அரசின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் இதை உணர்ந்துதான் கொள்முதல் மற்றும் சந்தைப்படுத்தல் ஆதரவுத் திட்டம் என்ற ஒன்றை வைத்திருக்கிறது. 2020-ல் தொடங்கிய உத்யம் பதிவு உள்ள சிறு தொழில்களுக்கு, கண்காட்சிகளில் இடம் பிடிக்கும் செலவில் இதன் மூலம் உதவி கிடைக்கிறது. ஆக, உள்ளே நுழைய வழி இருக்கிறது. நுழைந்த பிறகு என்ன ஆகிறது?

மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இடம். பின்புறமும் பக்கங்களிலும் அலுமினியத் தூண்களுக்கு நடுவே செருகிய வெள்ளைப் பலகைகள். நெற்றியில் பெயர்ப்பட்டை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சில விளக்குகள், ஒரு பிளக். மண்டபத்தில் சிறிய ஸ்டால் எடுத்த அத்தனை பேருக்கும் இதேதான். அந்த வெள்ளைப் பலகையில் ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது, பெயிண்ட் பூசக் கூடாது. சேதமானால் பணம் கட்ட வேண்டும். இருபது பைகளைக் கொண்டு வந்தவர் அவற்றை மேஜையில் அடுக்கி வைக்கிறார். நடந்து போகிறவர் கண்ணுக்கு அது பிளாட்பாரக் கடை. எதிர் வரிசையில் இதே தாராவிச் சரக்கு, வேறு பெயரில், மரச்சுவரில் விளக்கொளியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பது வியாபாரத்துக்கும் பொருந்துகிற பழமொழி.

இந்த நிலையில் சிறு தயாரிப்பாளர் முன் மூன்று வழிகள். முதலாவது, காண்ட்ராக்டரிடம் கொடுத்து மரவேலை செய்வது. மூன்று நாளில் அது குப்பை. இரண்டாவது, சுருட்டி இழுக்கும் ஸ்டாண்டியோ ஃப்ளெக்ஸோ வாங்குவது. விலை மலிவு, எடை இல்லை. ஆனால் அதில் படம்தான் காட்டலாம்; பையைத் தொங்கவிட முடியாது. மூன்றாவது, ஒரு முறை செய்து பல ஆண்டு எடுத்துச் செல்லும் சொந்தச் சுவர். ஸ்டாலின் வெள்ளைப் பலகையைத் தொடாமல் அதற்கு முன்னால் தானாகவே நிற்கும் சுவர். பலர் இதைச் செய்து பார்த்துக் கைவிட்டதற்குக் காரணம், உறுதி வேண்டுமென்றால் கனம் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே தப்புக் கணக்குப் போட்டதுதான்.

மூன்று அடி அகலம், ஏழு அடி உயரத்தில் ஒரு பலகை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் வெட்டினால் அது சுமார் 23 கிலோ இருக்கும். இப்படி நான்கு பலகை என்றால் 92 கிலோ. இதைத் தூக்க நாலு பேரைத் தேட வேண்டும்.

அதே அளவில் வேறு விதமாகவும் செய்யலாம். ஒரு அங்குலத்துக்கு ஒன்றரை அங்குல இலேசான மர ரீப்பரில் சட்டம் கட்டி, குறுக்கே இரண்டு சட்டம் கொடுத்து, முன்னும் பின்னும் 3 மில்லிமீட்டர் ப்ளைவுட்டைப் பசை போட்டு ஒட்டினால் எடை ஏறக்குறைய 11 கிலோதான். நான்கு பலகைக்கு 44 கிலோ. பாதிக்கும் குறைவு. வளையாமல் நிற்பதிலோ இது முன்னதைவிடக் கெட்டி. காரணம் எளியது. ஒரு பலகை வளையும்போது அதன் இரு புறத் தோல்கள்தான் இழுவிசையையும் அமுக்கத்தையும் தாங்குகின்றன. நடுவில் இருக்கும் மரம் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. அந்த நடு மரத்தை எடுத்துவிட்டு இரு தோல்களையும் தள்ளி வைத்தால் எடை குறையும், விறைப்பு கூடும். வீடுகளில் உள்ள ஃப்ளஷ் கதவு முதல் விமானத்தின் தரைப்பலகை வரை இந்தத் தத்துவம்தான்.

இதில் இரண்டு விஷயங்களில் கஞ்சத்தனம் கூடாது. ஒன்று பசை. ஆணி மட்டும் அடித்தால் தோல் தனி, சட்டம் தனியாக ஆடும்; பசை இரண்டையும் ஒரே உடம்பாக்குகிறது. இன்னொன்று, இரு புறமும் தோல். செலவை மிச்சப்படுத்த ஒரு புறம் மட்டும் ப்ளைவுட் ஒட்டினால் மும்பையின் ஜூலை மாத ஈரத்தில் பலகை அப்பளம்போல் வளைந்துகொள்ளும். ஓரங்களுக்கு வார்னிஷோ பெயிண்டோ பூசுவதும் இதற்காகவே. பைகளைத் தொங்கவிடும் கொக்கிகளை உட்புறச் சட்டம் இருக்கும் இடத்தில் மட்டுமே திருக வேண்டும். 3 மில்லிமீட்டர் தோல் எடையைத் தாங்காது. அதனால் சட்டம் கட்டும்போதே கொக்கி எங்கே வரும் என்று தீர்மானித்துவிட வேண்டும்.

அடுத்தது, நிற்பது. பலகைகளை நேர்கோட்டில் நிறுத்தினால் கால் இல்லாமல் நிற்காது. நடுவில் இரண்டு பலகை, இரு பக்கமும் ஒவ்வொரு பலகை முன்னோக்கி மடிந்து என்று ‘ப’ வடிவில் கீல் போட்டு நிறுத்தினால் தானாகவே நிற்கும். ஆனால் அது போதுமா? ஐந்தடி உயரத்தில் ஒருவர் முன்னாலிருந்து பின்னோக்கித் தள்ளினால் ஏறக்குறைய 7 கிலோ அழுத்தத்திலேயே இந்தச் சுவர் பின்னால் சாயும். கூட்டத்தில் ஒருவர் தோளைச் சாய்த்தால் போதும். சுவர் இலேசாக இருப்பதன் விலை இது.

இதற்குப் பரிகாரம் சுவரைக் கனமாக்குவது அல்ல. எடையைச் சரியான இடத்தில் வைப்பது. பக்கப் பலகைகள் இரண்டின் முன் நுனியிலும், தரையை ஒட்டி, தலா 10 கிலோவைக் கட்டிவிட்டால் அதே சுவரைப் பின்னால் சாய்க்க சுமார் 19 கிலோ அழுத்தம் வேண்டும். முன்னால் இழுத்துச் சாய்ப்பதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு. அந்த 10 கிலோவையும் வீட்டிலிருந்து சுமந்து வர வேண்டியதில்லை. பத்து லிட்டர் பிளாஸ்டிக் கேனைக் காலியாகக் கொண்டு வந்து மண்டபத்துக் குழாயில் நிரப்பினால் அதுதான் 10 கிலோ. முடிந்ததும் கொட்டிவிட்டுப் போகலாம். பழைய கேனைத் தேடி அலையவும் வேண்டாம்; தாராவியின் 13-ஆம் காம்பவுண்டுப் பக்கம் பழைய பிளாஸ்டிக் மலையாகக் கிடக்கிறது. மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்து, பிளக் இருக்கும் மூலையிலிருந்து தள்ளி வைப்பது மட்டும் முக்கியம்.

சரக்கை மாட்டுவதிலும் ஒரு விதி உண்டு. கனமான பைகள் கீழே, இலேசானவை மேலே. எந்தத் தட்டும் பக்கப் பலகைகளின் நுனியைத் தாண்டி முன்னே நீளக் கூடாது. அந்த எல்லைக்குள் தொங்கும் சரக்கு சுவரைப் பின்னால் சாயவிடாமல் பிடித்துக்கொள்ளும். எல்லையைத் தாண்டினால் அதே சரக்கு சுவரை முன்னால் இழுக்கும். துணி போர்த்தினால் எளிதில் தீப்பிடிக்காத துணி வேண்டும். மண்டபத்தின் தீத்தடுப்பு விதிகளைப் பலகை வாங்கும் முன்பே படித்துவிடுவது நல்லது. கண்காட்சிக்கு முந்தைய இரவில் படித்துப் பயனில்லை.

மூன்றாவது சோதனை வழியில் இருக்கிறது. எட்டடி ப்ளைவுட் கைக்குக் கிடைக்கும்போது ஏன் ஏழடி? 2005-ல் வந்த டாடா ஏஸ் என்ற சின்ன டெம்போவின் பின்தட்டு ஏறக்குறைய ஏழடி நீளம். மும்பையின் சந்துகளில் ‘சோட்டா ஹாத்தி’ என்றால்தான் அதைத் தெரியும். எட்டடிப் பலகை பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும். முதல் வேகத்தடையிலேயே மூலை உடையும். பின் கழற்றும் வகைக் கீல்களைப் போட்டால் நான்கு பலகையும் தனித்தனியாகப் பிரியும். ஒவ்வொன்றையும் ஒருவரே தூக்கலாம், மாடிப்படியில் திருப்பலாம். அடுக்கினால் மொத்தக் கனம் ஏழு அங்குலம்தான். பட்டறையில் இயந்திரத்துக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிடலாம். பத்துக்குப் பத்து கோலியில் தொழிலும் குடும்பமும் நடக்கும் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல. பட்டறையில் வைக்க இடமில்லாத சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தும் ஒரே கண்காட்சியோடு குப்பைக்குத்தான் போகும்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. இரண்டு அறை ஃபிளாட்டில் நவராத்திரிக்கு ஏழு படி கொலு வைத்து, விஜயதசமி முடிந்ததும் அந்தப் படிகளைக் கழற்றிப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். துளை போட்ட இரும்பு ஆங்கிளும் நட்டு போல்ட்டும் பலகையும் போதும். ஒன்பது நாள் பொம்மைகளின் பாரத்தைத் தாங்கிவிட்டு மீதி நாட்களில் கண்ணில் படாமல் இருக்கும். செம்பூருக்கு இன்னொரு பாடமும் தெரியும். ராஜ் கபூர் 1948-ல் நிறுவிய ஆர்.கே. ஸ்டூடியோ அங்கேதான் இருந்தது. 2017-ல் தீவிபத்து, 2019-ல் கோத்ரெஜ் பிராப்பர்ட்டீஸுக்கு விற்பனை என்று அதன் கதை முடிந்துவிட்டது. ஆனால் சினிமா செட் போடுகிறவர்கள் மாளிகைச் சுவரைச் சட்டத்தின் மேல் ஒட்டிய தோலாகத்தான் இன்றும் எழுப்புகிறார்கள். முன்னால் மாளிகை, பின்னால் ரீப்பரும் முட்டுக் கொடுத்த கட்டையும் மணல் மூட்டையும்.

உலகம் இந்தப் பிரச்சினைக்கு வேறு விடைகளையும் கண்டிருக்கிறது. கண்காட்சி மண்டபங்களின் வெள்ளை ஸ்டால்களுக்கு ஆதாரமான ஆக்டோநார்ம் முறை 1969-ல் ஜெர்மனியில் தொடங்கியது. எட்டுப் பள்ளங்கள் கொண்ட அலுமினியத் தூணில் எட்டுத் திசையிலும் சட்டத்தை மாட்டலாம். கழற்றி மாட்டிப் பல ஆண்டு ஓட்டலாம். குடைபோல விரிந்து நின்று, மடித்தால் ஒரு பெட்டிக்குள் அடங்கும் சட்டக்கூடு ஒன்றுக்கு 1976-ல் அமெரிக்காவின் தியோடர் ஜீக்ளர் காப்புரிமை பெற்றார். இன்று ‘பாப்-அப்’ என்று விற்கப்படுபவை அந்த வம்சம். முதலாவது, நூற்றுக்கணக்கில் ஸ்டால் போடும் காண்ட்ராக்டருக்கு லாபம்; ஒற்றை ஸ்டால்காரருக்கு அல்ல. இரண்டாவது, துணியையும் படத்தையும் தாங்கும். இருபது தோல் பைகளைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது அல்ல.

தாராவி தன்னைத்தானே காட்சிக்கு வைத்துக்கொண்ட முன்னுதாரணங்களும் உண்டு. 2015-ல் ‘ஸ்நேஹா’ தொண்டு நிறுவனம் அங்கே தாராவி பியனாலே என்ற கலைவிழாவை நடத்தியது. 2016-ல் ஹோர்ஹே மான்யெஸ் ரூபியோ, அமாண்டா பினாட்டி ஆகிய இருவரும் டிசைன் மியூசியம் தாராவி என்ற அருங்காட்சியகத்தைத் தொடங்கினார்கள். அதற்குக் கட்டடம் கிடையாது. இடம் விட்டு இடம் நகரும் சிறிய அரங்கில் தாராவிக்காரர்கள் செய்த பொருட்கள் அவர்கள் தெருவிலேயே வைக்கப்பட்டன. சில வாரங்களே நடந்த அந்த முயற்சி உலகப் பத்திரிகைகளில் பேசப்பட்டது. பொருள் அதே பொருள்தான். அதைத் தூக்கி நிறுத்திக் காட்ட ஒரு அரங்கு கிடைத்ததுதான் வித்தியாசம்.

கண்காட்சிக்கான சுவரைச் செய்ய வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை என்பதுதான் இதில் சுவையான விஷயம். தாராவிக்குள் சட்டம் கட்டும் தச்சர் இருக்கிறார், கீல் பற்றவைக்கும் வெல்டர் இருக்கிறார், துணி உறை தைக்கும் டெய்லர் இருக்கிறார், பெயர் அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்காரர் இருக்கிறார். பலகையின் மூலைகள் இடிபடாமல் இருக்கத் தோல் உறை போட வேண்டுமா? அது தோல் பைக்காரரின் சொந்தத் தொழில். முதல் சுவர் சற்று ஆடும். இரண்டாவது சுவர் ஆடாது. ஐந்தாறு பட்டறைகள் சேர்ந்து ஒரு சுவர் செய்து முறை வைத்து எடுத்துப் போகலாம். மாட்டும் துணியை மட்டும் மாற்றினால் பெயர் மாறிவிடும். செலவைக் கண்காட்சிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒவ்வொரு முறையும் அது குறைந்துகொண்டே போகும். உடைத்து எறியும் ஸ்டாலில் இந்த வகுத்தலுக்கே இடமில்லை.

சுமப்பவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தலைச்சுமைக்காரர்களான மாத்தாடித் தொழிலாளர்களுக்கு 1969-லேயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் மகாராஷ்டிரம். சுவரில் குறையும் ஒவ்வொரு கிலோவும் ஒரு கழுத்திலிருந்து குறைகிறது. அந்தக் கழுத்து பல சமயம் பட்டறை முதலாளியுடையதாகவே இருக்கும்.

தாராவியின் சுவர்கள் நிலையில்லாத காலம் இது. மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றதிலிருந்து, எந்தப் பட்டறை எங்கே போகும், யாருக்கு இடம் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதே தாராவியின் பேச்சு. பட்டறை இடம் மாறினால் வாசலுக்கு வந்து வாங்கியவர் மறுபடி தேடி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் மொத்த வியாபாரி கண்காட்சியில் ஒரு பெயரைப் பார்த்து அட்டையை வாங்கிப் போயிருந்தால், பட்டறை தாராவியில் இருந்தாலும் வேறெங்கோ இருந்தாலும் ஆர்டர் அந்தப் பெயருக்குத்தான் வரும்.

கடைசி நாள் மாலை சுத்தியல் சத்தம் தொடங்கும்போது, நான்கு பலகையைக் கழற்றி, கேன் தண்ணீரைக் கொட்டி, சோட்டா ஹாத்தியில் ஏற்றிவிட்டால் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். குப்பையில் போட எதுவும் இருக்காது. அடுத்த கண்காட்சிக்குச் சுவர் தயார்.